நரம்பைச் சமமாகப் பகுத்த பண்டிதர்



இசையைக் காதால் நுகர்வது ஒரு கலை. அதனை எண்ணால் அளந்து பார்ப்பது மற்றொரு கலை. இவ்விரண்டுக்கும் இடையே நடந்துவரும் வழக்கு மிகப் பழையது. அவ்வழக்கிலே தமிழிசையின் சார்பாக எழுந்து நின்று, தம் உழைப்பையும் கைப்பொருளையும் வாரி வழங்கி வாதாடிய ஒருவரைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். அவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். ஒரு ஸ்தாயியை 24 சமமான அலகுகளாகப் பகுக்க வேண்டும், நம் முன்னோர் அவ்வாறே பகுத்தனர் என்பது அவர் கொண்ட கொள்கை. அக்கொள்கை சரியா, தவறா என்று புலவரும் வித்துவான்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்து வருகின்றனர். நான் சங்கீத வித்துவான் அல்லேன். மீஞ்சூரில் வாழும் ஒரு சாதாரண ரசிகன். கணக்கிலே சிறிது பழக்கம் உள்ளவன். ஆகவே நூல்கள் சொல்லுவதைச் சொல்லி, அத்துடன் என் காது சொன்னதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

முதலில் வழக்கு இன்னதென்று விளங்கிக்கொள்ள வேண்டும். இழுத்துக் கட்டிய ஒரு நரம்பை மீட்டினால் ஓர் ஓசை எழுகிறது. அதே நரம்பைச் சரிபாதியாகக் குறைத்து மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கிறது. இவ்விரண்டு ஓசைகளுக்கும் நடுவே உள்ள வெளியை எத்தனை படிகளாக வகுப்பது? அப்படிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டுமா, இயற்கை காட்டும் வழியில் ஏற்றத்தாழ்வாக இருக்கலாமா? இதுவே வினா. பரதரின் நாட்டிய சாஸ்திரம் 22 சுருதிகள் என்கிறது. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையிலே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரைகள் காணப்படுகின்றன. கூட்டிப் பாருங்கள், 22 வரும். வடமொழி மரபும் தமிழ் மரபும் எண்ணிக்கையில் ஒத்துப் போகும்போது, பண்டிதர் மட்டும் 24 என்று சொல்லத் துணிந்தது ஏன்?

அவருடைய வாழ்க்கையை அறிந்தால் அத்துணிவு விளங்கும். 1859-ஆம் ஆண்டு, தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையிலே பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே இசையும் பயின்றார். பின்னர்த் தஞ்சையிலே குடியேறிச் சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் செலவிட்டார். 1912-ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, பல ஊர் வித்துவான்களைத் தம் செலவிலே வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். அதிலே அரங்கேற்று காதைக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் அமைந்த இசைக் குறிப்புகளைப் பண்டிதர் ஒரு மருத்துவன் ஏட்டுச்சுவடியைப் படிப்பது போலச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1917-இல் வெளிவந்ததே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல். இரண்டே ஆண்டுகளில், 1919-இல், அவர் மறைந்தார்.

இனி, அவர் கண்ட முடிவுக்கு வருவோம். வட்டப்பாலை என்பது 12 இராசிகளை வட்டமாக எழுதி, ஏழு நரம்புகளையும் அவ்வீடுகளிலே நிறுத்தும் முறை. ஒவ்வோர் இராசிக்கும் இரண்டு அலகு எனக் கொண்டால் மொத்தம் 24 ஆகும். ஆனால் உரையிலே உள்ள கணக்கு 22 அல்லவா? இடைவெளி இரண்டு அலகு. கைக்கிளைக்கும் விளரிக்கும் உரிய மாத்திரை நான்கு நான்காக இருக்க வேண்டும் என்றும், அவ்விரண்டிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் வழக்கையே உரையாசிரியர் எண் குறிக்கிறது என்றும் பண்டிதர் பொருள் கொண்டார். அப்படியானால் ஏழு நரம்புகளின் கணக்கு 4, 4, 4, 2, 4, 4, 2 என்றாகி 24-ஐ எட்டிவிடுகிறது. 12 சமவீடுகள் கொண்ட ஆயப்பாலை, 24 அலகுகள் கொண்ட வட்டப்பாலை, 48 கொண்ட திரிகோணப்பாலை, 96 கொண்ட சதுரப்பாலை என நான்கு பாலைகளையும் அவர் ஒரே ஒழுங்கில் நிறுத்தினார். ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு.

இதனை வெறும் எண் விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் ஓர் இசைத் தேவை இருக்கிறது. தமிழிசையின் உயிர்நாடிகளுள் ஒன்று பண்ணுப்பெயர்த்தல். குரல் நின்ற இடத்தைத் துத்தத்திற்குக் கொடுத்து, துத்தமே குரலாக நின்று பாடினால் புதியதொரு பாலை பிறக்கும். அவ்வாறே ஒவ்வொரு நரம்பும் முறையே குரலாகும். இன்றைய வித்துவான்கள் கிரக பேதம் என்று சொல்லுவது இதனையே. இப்போது 22 அலகுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நரம்பிலிருந்தும் ஐந்தாம் நரம்பு வரை எண்ணிப் பாருங்கள். இளி என்னும் இணை நரம்பு கிடைக்க 13 அலகு வேண்டும். ஏழு இடங்களில் ஐந்து இடங்களில் 13 வருகிறது. ஓரிடத்தில் 11 வருகிறது. அது இயல்பாகவே இணையாத இடம். மற்றோரிடத்தில் மட்டும் 12 வந்து, இணைய வேண்டிய நரம்பு ஓர் அலகு குறைந்து நிற்கிறது. அங்கே பெயர்த்துப் பாடினால் சுருதி இடறும். பண்டிதரின் 24 அலகுக் கணக்கிலோ ஆறு இடங்களிலும் பிசகாமல் 14 வருகிறது. எந்த நரம்பைக் குரலாக்கினாலும் அதற்குரிய இளி காத்திருக்கிறது. சமப்பகுப்பைப் பண்டிதர் நாடியதற்கு இதுவே உண்மையான காரணம் என்பது என் எண்ணம்.

1916-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பரோடாவில், மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில், பாத்கண்டே முன்னின்று கூட்டிய அகில இந்திய சங்கீத மாநாட்டிற்குப் பண்டிதர் சென்றார். தம் புதல்வியரையும் உடன் அழைத்துச் சென்றார். தந்தை எடுத்துரைத்த கொள்கையை அவர்கள் வீணையிலே வாசித்து விளக்கினர். வடநாட்டு உஸ்தாதுகளும் தென்னாட்டு வித்துவான்களும் நிறைந்த ஒரு சபையிலே, தமிழ்நாட்டுப் பெண்கள் கொள்கை விளக்கம் செய்தது அந்நாளில் சிறிய செயலன்று. அதே காலத்தில் கிளெமென்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் தேவல் என்பவரும் 22 சுருதிகளையும் இயற்கை விகிதப்படி அமைத்து ஒரு ஹார்மோனியமே செய்வித்திருந்தனர். ஆகவே பண்டிதரின் 24, தனிமனிதரின் விநோதமாக எழுந்ததன்று. இந்தியா முழுவதும் சுருதியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையின் குரல்களுள் ஒன்று.

வெளியுலகிலும் இத்தேடல் நடந்தே வந்திருக்கிறது. 12 சமவீடுகளுக்குரிய கணக்கைச் சீன நாட்டு இளவரசர் சூ த்சாயு 1584-இல் கண்டு எழுதினார். சற்றே பிந்தி, ஒல்லாந்திலே சைமன் ஸ்டெவின் அதே வழியில் கணக்கிட்டார். மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில், 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர் அல்லவா? அப்போது ஸ்டெவின் உயிரோடு இருந்தார். துணியும் மிளகும் எண்ணிய அவ்வினத்தவரின் தாய்நாட்டிலே, நரம்பின் நீளத்தை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது நினைக்கச் சுவையாக இருக்கிறது. அந்நாட்டவரான ஹைகென்ஸ் 1691-இல் ஸ்தாயியை 31 சமபங்காக்கும் முறையை வெளியிட்டார். 1877-இல் பொசாங்கெட் என்னும் ஆங்கிலேயர் இந்தியரின் 22 சுருதிகளைச் சமபங்குகளாகவே கொண்டு ஆராய்ந்தார். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டிலே பண்டிதர் சொன்ன அதே 24 சமபங்கு விவாதத்திற்கு வந்தது. ஏட்டுக் கணக்கர் ஒருபுறமும் வாத்தியக்காரர் ஒருபுறமுமாக நின்றனர். ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஒரு தேக்குப் பலகையிலே இரண்டு கம்பிகளைச் சம சுருதியில் கட்டினேன். ஒவ்வொன்றும் 1000 மில்லிமீட்டர் நீளம். ஒன்று ஆதார சட்ஜமாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். மற்றதன் கீழே ஒரு சிறு குதிரையை வேண்டிய இடத்திற்கு நகர்த்திக்கொள்ளலாம். பலவகைப் பகுப்புகளுக்கும் உரிய அளவுகளைக் கணக்கிட்டுப் பலகையிலே கோடிட்டுக்கொண்டேன்.

24 சமபங்கின் கோடுகளை முதன்முதலில் பார்ப்பவர் திகைப்பார். முதல் கோடு 28.5 மில்லிமீட்டரில் விழுகிறது. வரவர நெருங்கி, கடைசிப் பங்கு 14.7 மில்லிமீட்டராகக் குறைகிறது. கண்ணுக்கு எவ்விதத்திலும் சமமில்லை. காதுக்கோ ஒவ்வொரு படியும் ஒரே உயரம். சமம் என்பதை எதனால் அளக்கிறோம் என்பதே முதற்பாடம்.

இயற்கையான பஞ்சமம் 666.7 மில்லிமீட்டரில் நிற்கிறது. 12 சமபங்கிலும் 24 சமபங்கிலும் அது 667.4-இல் விழுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வேற்றுமை, ஆதாரத்தோடு ஒட்டிவிடுகிறது. காந்தாரத்தில்தான் வம்பு. தம்புராவை நன்கு சேர்த்து மீட்டும்போது, யாரும் தொடாமலே ஓர் அந்தர காந்தாரம் தானே எழுந்து மிதக்கும். அதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். அதற்குரிய இடம் 800 மில்லிமீட்டர். சமபங்குக் காந்தாரமோ 793.7. ஆறு மில்லிமீட்டர் ஏறி நிற்கிறது. அதைத் தனியே கேட்டால் குறையொன்றும் தோன்றாது. ஆதாரக் கம்பியோடு சேர்த்து நீள நிறுத்திக் கேட்டால், சிறிது பதற்றமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற ஓர் உணர்ச்சி. பங்குகளை 24 ஆக்கியும் இப்பதற்றம் தணியவில்லை. புதிதாகக் கிடைத்த 817-ஆம் இடம் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் நடுவே நிற்கிறது. அராபிய இசையிலே அத்தகைய இடம் உண்டு. நம் இசையில் அதனை அசைக்காமல் நிறுத்தினால் ஊர் தெரியாத விருந்தினன் போல விழிக்கிறது. கமகத்தில் அதைக் கடந்து சென்றால் நம் வீட்டுப் பிள்ளையே ஆகிவிடுகிறது.

22 சமபங்கு வேறொரு குணம். அதன் காந்தாரம் 802.1, தம்புராவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஆனால் பஞ்சமம் 663.9-இல் ஏறிப்போய் நெருடுகிறது. காந்தாரத்தைக் காக்கப் போய்ப் பஞ்சமத்தை இழப்பது நமக்கு ஆகாத பேரம். ஏழே சமபங்கு கொண்ட முறை சயாம் நாட்டு இசைக்கு அணித்தது என்பர். அதன் பஞ்சமம் 673.0-க்கு இறங்கிவிடுகிறது. தம்புராவை நிறுத்திவிட்டுக் கேட்டால் அதில் ஒரு நிதானமான அழகு இருக்கிறது. தம்புரா ஒலிக்கத் தொடங்கினால் அவ்வழகு கலைந்துவிடுகிறது. ஹைகென்ஸின் 31 பங்கிலே காந்தாரம் 799.6, இனிமையிலும் இனிமை. ஆயினும் பஞ்சமம் 668.7-இல் சற்றே சோர்ந்திருக்கிறது. 53 பங்கிலே இரண்டும் அநேகமாகச் சரியாகவே அமைகின்றன. ஆனால் 53 படிகளை மனத்திலே வைத்துப் பாடுபவர் யார்?

இவ்விடத்திலே பண்டிதரின் நான்காம் பாலை நினைவுக்கு வந்தது. சதுரப்பாலையின் 96 பங்குகளுக்கும் கணக்கிட்டேன். அதன் 31-ஆம் அலகு 799.5 மில்லிமீட்டரில் வந்து விழுந்தது. அரை மில்லிமீட்டரே குறைவு. என் குதிரையின் விளிம்பே அதைவிடத் தடிமன். அதே 96-இல் பஞ்சமமோ 667.4-லேயே நிலைத்து நிற்கிறது. 24-இல் கிடைக்காத தம்புராக் காந்தாரம், பண்டிதர் வகுத்த வழியிலேயே இருமுறை இரட்டித்தால் கிடைத்துவிடுகிறது! அவர் கட்டிய வீட்டிலே எல்லாருக்கும் இடம் இருக்கிறது. சிலர் மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

ஆயினும் மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 22 என்னும் உரைக்கணக்கை இயற்கை விகிதங்களோடு வைத்துப் பார்ப்போம். நான்கு மாத்திரையை 9-க்கு 8 என்றும், மூன்று மாத்திரையை 10-க்கு 9 என்றும், இரண்டு மாத்திரையை 16-க்கு 15 என்றும் கொண்டு, ஏழு நரம்புகளுக்கும் பெருக்கிப் பாருங்கள். மிச்சமும் குறைவுமின்றிச் சரியாக இரண்டு மடங்கு வரும்; அதாவது ஒரு ஸ்தாயி நிறைவுறும். எந்த மாத்திரையையும் கூட்ட வேண்டியதில்லை. ஈழத்து விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947-இல் அரங்கேற்றிய யாழ் நூலிலே இயற்கை விகிதங்களைக் கொண்டே 22 அலகுகளையும் விளக்கினார். உரையிலுள்ள எண்ணைத் தொடாமலே பொருள் விளங்குமானால், தொட்டு விளக்குவதைவிட அது வலிமையுடையது என்றே நடுநிலையாளர் சொல்லுவர். பழந்தமிழர் 24 சமபங்கையே கையாண்டனர் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்துவிட்டதாக நானும் கருதவில்லை. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் இருப்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. அவை இரண்டு ஸ்தாயிகளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக அமைந்தவை. அவற்றையும் மெழுகிலே பதிக்கும் கைவினைஞர் காதால் கேட்டே பதிக்கின்றனர்.

அப்படியானால் பண்டிதர் தோற்றுவிட்டாரா? பழவேற்காட்டு ஏரியிலே ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் எல்லா நீரும் ஒன்றல்ல. சில இடங்களில் இறாலும் மீனும் மிகுதி, சில இடங்களில் குறைவு. ஆகவே மீனவர் கூடி, வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு முறை நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறிடம் செல்வர். நீரை யாரும் சம துண்டுகளாக வெட்டவில்லை, முறையைச் சமமாக்கினார்கள். பண்டிதர் வேண்டியதும் அத்தகைய சமமே. ஏழு நரம்புகளுள் எதுவும் என்றென்றைக்கும் குரலாக அமர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் குரலாகும் முறை வர வேண்டும். வரும்போது அதன் இளி குறைபட்டு நிற்கலாகாது. இது நியாயமான வேண்டுகோள். அதற்கு விலையாகத் தம்புராக் காந்தாரத்தில் ஆறு மில்லிமீட்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்விலை தகுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருந்தால் உங்கள் நேரத்தை நான் இவ்வளவு எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். 1940-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. அசையாத 12 சுரங்கள் நம் இசையின் நுட்பத்தைக் கெடுத்துவிடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். 1971-இல் அத்தடை ஓரளவு தளர்ந்தது. இன்றோ மீஞ்சூரின் எந்தத் தெருவிலே நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை மின்சாரக் கீபோர்டிலே சரளி வரிசை வாசிப்பதைக் கேட்கலாம். அதில் உள்ளவை 12 சமபங்குகளே, பண்டிதரின் ஆயப்பாலையே. மாநாடுகளிலே வாதாடிப் பெற இயலாத வெற்றியைச் சமப்பகுப்பு கடைவீதி வழியாகப் பெற்றுவிட்டது. ஆனால் அது முதற்படியிலேயே நின்றுவிட்டது. 24-உம் 48-உம் 96-உம் அக்கருவிக்குள் வரவில்லை.

வலையிழுக்கும்போது மீனவர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதிலே ஒருவர் எடுக்க, மற்றவர் தொடுப்பர். எடுப்பவர் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குதிப்பதில்லை, வழுக்கிச் செல்கிறது. தொடுப்பவர்கள் அவ்வழுக்கலையே பிடித்துக்கொள்கின்றனர். தோடியின் காந்தாரமும் அவ்வாறே ஓரிடத்தில் நிற்பதன்று, அசைந்து வாழ்வது. எந்தப் பகுப்பும் அவ்வசைவை உண்டாக்குவதில்லை. அசைவு எங்கே புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்று காட்டும் மைல்கல்லாக நிற்பதே பகுப்பின் வேலை. மைல்கல் வேண்டும், ஆனால் மைல்கல்லே பாதையாகிவிடாது.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் அதை மூடிவைத்துவிட்டு, ஒரு தம்புராவின் முன்னே உட்காரச் செய்து, தானே எழும் காந்தாரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அக்குழந்தை ஒரு முறை உணர்ந்துவிட்டால், தஞ்சையிலே ஒரு மருத்துவர் தம் செல்வத்தையும் உழைப்பையும் எதற்காகச் செலவிட்டார் என்பது அதற்குத் தானே விளங்கும். அவருடைய விடையை ஏற்பதும் மறுப்பதும் பின்னர் அதன் விருப்பம். அந்த வினா மட்டும் நம் வீடுகளிலே உயிரோடு இருக்க வேண்டும்.